மூச்சுக்காக வளைந்த எலும்பு

தமிழ்நாட்டில் காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வு நடக்கும் மைதானங்களில் ஒரு காட்சி எப்போதும் உண்டு. சட்டையைக் கழற்றிய இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள். அளவு நாடா வைத்திருப்பவர் மார்பைச் சுற்றி நாடாவை இழுத்துப் பிடித்து ஓர் எண்ணைச் சொல்வார். பிறகு மூச்சை நன்றாக இழுக்கச் சொல்வார். நெஞ்சு புடைத்ததும் இன்னோர் எண். இயல்பான நிலையில் 81 சென்டிமீட்டர் இருந்தால் மட்டும் போதாது. மூச்சை நிறைத்த பிறகு அது 5 சென்டிமீட்டராவது கூட வேண்டும். கூடாவிட்டால் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மண்டையோட்டைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் பெரிதாக்கு" என்று யாரும் கேட்பதில்லை. இடுப்பெலும்பிடமும் அப்படிக் கேட்க முடியாது. உடம்பில் எலும்பால் வேலியிட்ட பெரிய அறைகள் மூன்று: மண்டை, நெஞ்சு, இடுப்பு. அவற்றில் உடையவர் நினைத்த மாத்திரத்தில் பெரிதாகிச் சிறிதாவது நெஞ்சு ஒன்றுதான்.

நெஞ்சுக்கூட்டைப் பற்றிப் பள்ளியில் படித்த முதல் வாக்கியம் பெரும்பாலோருக்கு நினைவிருக்கும்: அது இதயத்தையும் நுரையீரலையும் பாதுகாக்கிறது. தவறில்லை. ஆனால் சமையலறையைக் காட்டி, "இது மழைக்கு ஒதுங்கும் இடம்" என்று சொல்வதைப் போன்ற உண்மை அது. சமையலறையில் மழை படாதுதான். அதற்காகவா அதைக் கட்டினார்கள்? விலா எலும்புகளின் வளைவு, சரிவு, மூட்டுகள், முன்முனையில் இருக்கும் குருத்து, அவை உடைந்தால் வரும் கேடு என்று எதை எடுத்துப் பார்த்தாலும், இந்த அமைப்பு முதலில் ஒரு துருத்தி, அதற்கப்புறம்தான் வேலி என்று தெரிகிறது. கொல்லன் பட்டறையில் மரச்சட்டமும் தோலும் சேர்ந்து செய்யும் வேலையை இங்கே எலும்பும் தசையும் சேர்ந்து செய்கின்றன.

வேலி என்ற எண்ணம் நம் மனத்தில் ஊன்றியதற்குக் காரணம் உண்டு. 'கூடு' என்ற சொல்லே அப்படிப்பட்டது. உயிர் பறவை, உடம்பு கூடு என்பது நம்மிடம் புழங்கித் தேய்ந்த உருவகம். அதோடு, எலும்புக்கூட்டை நாம் பார்க்க நேரும் இடங்களும் சேர்ந்துகொண்டன. ஆய்வுக்கூடத்தின் மூலையில் கம்பியில் தொங்குகிற எலும்புக்கூடு அசைவதில்லை. மருத்துவ மாணவர்களின் எலும்புப் பெட்டியிலோ விலாக்கள் தனித்தனியாக, விறகுச் சுள்ளிபோலக் கிடக்கும். உலகின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு நெடுங்காலம் கல்கத்தாவிலிருந்துதான் எலும்புகள் கப்பலேறின. 1985இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது கொழுத்த வியாபாரம். அப்படிப் போனவை சதையும் குருத்தும் நீக்கி வெளுத்த எலும்புகள். அவற்றைக் கையில் வைத்துப் படித்த தலைமுறைகளுக்கு, விலாவின் முன்முனையில் இருந்த குருத்தெலும்பு படத்தில் மட்டுமே தெரிந்த ஒன்று. அந்தக் குருத்தை எடுத்துவிட்டால் இந்த அமைப்பின் சூட்சுமத்தில் பாதி போய்விடும்.

அதை நேரில் பார்க்க ஆட்டுக்கறிக் கடைக்குப் போனால் போதும். நெஞ்சுப் பகுதியை வெட்டுக்கட்டையில் வைத்துத் துண்டு போடும்போது கத்தியின் ஒலி இரண்டு விதமாகக் கேட்கும். முதுகுப் பக்கத்து விலாவில் விழும் வெட்டு டக்கென்று எலும்பை நொறுக்கும், சில்லு தெறிக்கும். முன்பக்கம் வர வர, வெள்ளரிக்காயில் இறங்குவதுபோலக் கத்தி சத்தமில்லாமல் இறங்கும். அங்கே இருப்பது பால்நிறக் குருத்து. குழம்பில் வெந்த பிறகும் நறுக்கென்று கடிபடுகிறதே, அதுதான். ஆட்டுக்கு 13 ஜோடி விலா, மனிதனுக்கு 12 ஜோடி. மற்றபடி விலாவின் முன்முனை குருத்தாக முடிவது இருவருக்கும் பொது. மனித உடம்பில் இதயம் இருப்பது மார்பெலும்புக்கும் அதன் இடப்பக்கத்துக் குருத்துகளுக்கும் நேர் பின்னால். காவல்தான் நோக்கம் என்றால், காவல் மிகவும் தேவைப்படும் அந்த இடத்தில் வேலியின் வலுக்குறைந்த பொருளை வைத்திருக்க வேண்டியதில்லை. வளைய வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால் மட்டுமே அந்த ஏற்பாடு புரியும்.

12 ஜோடி என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் உண்டான கதையைக் கேட்டவர்கள் ஆணுக்கு ஒன்று குறைவு என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்; 1543இல் வெசேலியஸ் தம்முடைய உடற்கூற்று நூலில் அதை மறுத்தார். முதுகுத்தண்டின் மார்புப் பகுதியில் 12 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் இடமும் வலமுமாக ஒரு ஜோடி விலா புறப்படும். மேலே உள்ள 7 ஜோடிகள் தத்தம் குருத்தின் வழியாக மார்பெலும்பை நேரே தொடுகின்றன. 8, 9, 10 ஆகிய ஜோடிகள் மேலே இருக்கும் குருத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. கடைசி இரண்டு ஜோடிகள் எதையும் தொடாமல் வயிற்றுச் சுவரின் தசைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பெரும்பாலான விலாக்கள் முதுகுப் பக்கம் இரண்டு இடங்களில் மூட்டுப்போட்டு நிற்கும்: தலைப்பகுதி முள்ளெலும்பின் உடலோடும், சற்றுத் தள்ளியுள்ள முடிச்சு அதன் பக்கவாட்டு நீட்சியோடும் பொருந்தும். இரண்டு கீல்கள் இருந்தால் அவற்றுக்கிடையே ஓர் அச்சு. கதவுக்கும் அப்படித்தான். திறக்க வேண்டாத சுவருக்கு யாரும் கீல் வைப்பதில்லை.

இந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்பதுதான் அழகு. விலா எலும்பு பின்னாலிருந்து முன்னால் வரும்போது கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. அதனால் அதை உயர்த்தினால் அதன் முன்முனை மேலே போவதோடு நிற்காமல் முன்னாலும் போகும். தெருமுனை அடிபம்பின் கைப்பிடியை நினைத்துக்கொள்ளலாம்: தாழ்ந்திருக்கும்போது தூணை ஒட்டியிருக்கும், தூக்கினால் விலகி வரும். மேல் விலாக்கள் இப்படி அசைந்து மார்பெலும்பை முன்னே தள்ளுகின்றன. கீழ் விலாக்களின் அசைவு வேறு. வாளியின் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் பிடியைத் தூக்கினால் அது வெளிப்பக்கமாக விரிந்து எழும் அல்லவா, அதைப்போல அவை இரண்டு பக்கமும் விரிகின்றன. மேல் விலாக்களின் மூட்டுக் குழி கிண்ணம்போலக் குழிந்திருக்கிறது, சுழல வசதியாக. கீழ் விலாக்களுக்கு அதே இடம் தட்டையாக இருக்கிறது, வழுக்கிச் செல்ல வசதியாக. பிறந்த குழந்தைக்கு இந்தச் சரிவே கிடையாது. விலாக்கள் ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும். ஏற்கெனவே உயர்ந்து நிற்பதை மேலும் உயர்த்தி ஆதாயமில்லை. தொட்டிலில் தூங்கும் சிசுவின் நெஞ்சைவிட வயிறு ஏறி இறங்குவது அதனால்தான். எழுந்து உட்கார்ந்து, நடக்கத் தொடங்கிய பிறகு விலாக்கள் மெல்லச் சரிகின்றன; நெஞ்சு மூச்சில் பங்கெடுக்கத் தொடங்குகிறது.

துருத்தியின் அடிப்பலகை உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் இந்தத் தசைத்திரை குடைபோல மேல்நோக்கிக் கவிந்து, கீழ் ஆறு ஜோடி விலாக்களிலும் மார்பெலும்பின் நுனியிலும் இடுப்பின் மேற்புறத்து முள்ளெலும்புகளிலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வேலையில் பெரும்பங்கு இதனுடையது. ஒரு சாதாரண மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600. நம் யோக மரபு ஒரு நாளின் மூச்சுக்குச் சொல்லும் எண்ணும் இதுவே. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் அத்தனை பொன்னோடுகள் என்றும் சொல்வார்கள். இன்றைய மருத்துவம் வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்கிறது. 15 அதற்குள் சரியாக விழுகிறது. ஒரு நாளில் இருபதாயிரம் தடவைக்கு மேல் அசைந்து, எண்பது வயதுவரை ஓயாத எலும்பு அமைப்பு உடம்பில் வேறெதுவும் இல்லை. தாடை தூங்கும்போது ஓய்கிறது. முழங்கால் உட்கார்ந்தால் ஓய்கிறது. விலாவுக்கு விடுப்பு கிடையாது.

இன்னொன்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நெஞ்சுக்கூடு சும்மா நிற்கும்போதும் உள்ளே ஓர் இழுபறி நடந்துகொண்டிருக்கிறது. நுரையீரல் ரப்பர் பலூனைப் போன்றது, விட்டால் சுருங்கிவிடும். நெஞ்சுச் சுவரோ வளைத்துப் பிடித்த மூங்கில் பிளாச்சு. விட்டால் வெளிப்பக்கம் நிமிரப் பார்க்கும். இரண்டையும் ஒட்டவைத்திருப்பது இடையில் இருக்கும் மெல்லிய ஈரப்படலம். மூச்சை விட்டு முடித்து, அடுத்ததை இழுப்பதற்கு முன் வரும் அந்தச் சிறு இடைவெளியில் இரு தரப்பும் சமமாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அப்போதும் ஆண் ஒருவரின் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று மிச்சமிருக்கும். கத்திக்குத்தாலோ தானாகவோ அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். அப்போது நுரையீரல் கைப்பிடியளவுக்குச் சுருங்குவது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. அதே நேரத்தில் அந்தப் பக்கத்து விலாக்கள் வெளியே விரிவதையும் எக்ஸ்ரே காட்டும். எந்தத் தசையும் இழுக்காமல், எலும்பும் குருத்தும் தாமாகவே நிமிர்கின்றன. வேலிக்கு இந்தக் குணம் தேவையில்லை. இது வில்லின் குணம்.

விரிந்து சுருங்குவதுதான் வேலை என்றால் எலும்பு எதற்கு, தசைப்பையே போதாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் இழுப்பதிலும் ஊதுவதிலும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. நாம் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுவதில்லை; நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் குறைத்து, வெளிக்காற்று தானே உள்ளே வரும்படி செய்கிறோம். இளநீரை மெல்லிய பாலித்தீன் குழலால் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குழலின் சுவர் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், இளநீர் ஏறாது. உறிஞ்சுகிற எதற்கும் விறைப்பான சுவர் வேண்டும். வைட்டமின் டி குறைந்து ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளின் விலாக்கள் மென்மையாகிவிடும். உதரவிதானம் சுருங்கும் ஒவ்வொரு முறையும், தான் பிடித்துக்கொண்டிருக்கும் விலாவை உள்ளே இழுக்கும். நாளடைவில் நெஞ்சின் கீழ்ப்பகுதியில் பெல்ட் கட்டிய தடம்போல ஒரு பள்ளம் விழுந்துவிடும். குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சு மூச்சிழுக்கும்போது உள்வாங்குவதும் இதே காரணத்தால். ஆக, எலும்பின் விறைப்புக்கும் மூச்சுதான் கணக்கு. நெஞ்சில் எலும்பு இருப்பது வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்கவா என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். உள்ளிருந்து வரும் இழுப்பைத் தாங்குவது அதன் அன்றாட உத்தியோகம்.

விபத்து சிகிச்சைப் பிரிவில் இதற்கு ஒரு கொடிய நிரூபணம் உண்டு. பைக்கிலிருந்து விழுந்தவருக்கோ, ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதியவருக்கோ, அடுத்தடுத்த மூன்று விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் உடைந்தால், நடுவில் உள்ள துண்டு மற்றதோடு தொடர்பில்லாமல் தனித்துவிடும். அவர் மூச்சிழுக்கும்போது நெஞ்சு முழுவதும் விரியும்; அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும். மூச்சை விடும்போது நெஞ்சு தாழும். அது மட்டும் வெளியே வரும். கிழிந்த துருத்தியில் ஒட்டுப்போட்ட தோல் படபடப்பதுபோல. பெரும்பாலும் அதன் கீழேயே நுரையீரலும் நசுங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும்.

இனி வேலிக் கட்சியின் வலுவான வாதத்துக்கு வருவோம். இதயமும் நுரையீரலும் மட்டுமல்ல, வயிற்றைச் சேர்ந்த கல்லீரலும் மண்ணீரலும்கூட விலாவுக்குள் ஒளிந்திருக்கின்றன. அடிபட்டால் ரத்தம் கொட்டித் தீர்க்கும் உறுப்புகளை எலும்புக்குப் பின்னால் வைத்திருப்பது தற்செயலா என்பார்கள். இடது பக்கம் 9, 10, 11ஆம் விலாக்களுக்குக் கீழே மண்ணீரல். வலது பக்கம் கல்லீரலின் பெரும்பகுதி. ஆனால் அவை அங்கே இருப்பதற்கு உடனடிக் காரணம் உதரவிதானம் குடைபோல மேலே கவிந்திருப்பது. குடைக்குக் கீழே இடமிருந்தது, அங்கே இருக்கின்றன. அவை நிலையாகவும் இருப்பதில்லை. டாக்டர் கல்லீரலைத் தொட்டுப் பார்க்கும்போது வலது விலாவின் கீழ் விளிம்பில் விரல்களை வைத்துக்கொண்டு, "மூச்சை நல்லா இழுங்க" என்கிறார். குடை தாழும், கல்லீரல் விலாவின் மறைவிலிருந்து நழுவி அவர் விரலைத் தேடி வரும். ஒவ்வொரு மூச்சுக்கும் காவலை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் உறுப்பு அது. குடலுக்கோ முன்பக்கத்தில் எலும்புக் காவலே கிடையாது. பாதுகாப்புதான் எலும்பின் முதல் கவலை என்றால் வயிறு இப்படித் திறந்து கிடக்காது. குனியவும் திரும்பவும், உதரவிதானம் தாழும்போது குடல்கள் முன்னே தள்ளப்பட இடம் விடவும் வயிறு மெத்தென்று இருந்தாக வேண்டும்.

எலும்பால் ஒரு பெட்டி செய்ய உடம்புக்குத் தெரியாமலும் இல்லை. மூளைக்குச் செய்திருக்கிறது. குழந்தைப் பருவத்தில் உச்சிக்குழியோடு நெகிழ்வாக இருக்கும் மண்டையெலும்புகள், மூளை வளர்ந்து முடிய முடிய விளிம்போடு விளிம்பு பின்னிக்கொண்டு ஒன்றாகிவிடுகின்றன. இடைவெளி இல்லை, கீல் இல்லை. நெஞ்சிலோ ஒவ்வொரு பக்கமும் 11 இடைவெளிகள், ஒரு கத்தி தாராளமாக நுழையும் அகலத்தில். குழந்தைகளின் நெஞ்சு இன்னும் தெளிவான சாட்சி. அவர்களுடைய விலா அவ்வளவு வளையக்கூடியது. வண்டி மோதிய குழந்தைக்கு ஒரு விலாகூட உடையாமல் உள்ளே நுரையீரல் நசுங்கியிருப்பதை டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அடி எலும்பின் வழியாகவே உள்ளே போய்விட்டது. வளர்ந்தவர்களின் விலா அடியை வாங்கி உடைகிறது, உண்மை. இதயம் பிழைத்தும் போகிறது. அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. துருத்தியின் சட்டம் கேடயமாகவும் உதவியது என்பதுதான் அதற்குப் பொருள்.

வேலிக்காகவே விலாவை மாற்றிக்கொண்ட பிராணி ஒன்று இருக்கிறது: ஆமை. அதன் முதுகோடு என்பது பெரும்பாலும் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்துபோன விலாக்கள்தான். தோள்பட்டை எலும்பையே விலாவுக்குள் அடக்கிக்கொண்ட முதுகெலும்பிகள் ஆமைகள் மட்டும். கேடயம் கிடைத்தது, ஆனால் அன்றோடு விலாவால் மூச்சுவிடும் வாய்ப்பு போனது. ஆமை இப்போது ஓட்டுக்குள்ளே இருக்கும் தசைகளால் உள்ளுறுப்புகளை அழுத்தியும் தளர்த்தியும் நுரையீரலுக்குக் காற்றை வரவழைக்கிறது. தவளை இன்னொரு கோடி. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி விலாவே இல்லை. தொண்டைப் பையை ஏற்றி இறக்கிக் காற்றை விழுங்குகிறது. மழைக்கால இரவில் தாடைக்கடியில் துடிக்கும் அந்தத் தோல்தான் அதன் துருத்தி. மூச்சுக்கு உதவும் விலா ஒருபுறம், காவலுக்கு உதவும் விலா மறுபுறம் என்று எடுத்துக்கொண்டால், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் குழப்பமில்லை.

மீன் சாப்பிடுகிறவர்கள் ஒரு தடை சொல்லலாம்: மீனுக்கும் விலா முள் இருக்கிறதே, அது என்ன மூச்சா விடுகிறது? செவுளால் சுவாசிக்கும் மீனுக்கு விலா இருப்பது உடற்சுவரைத் தாங்கவும், நீந்தும் தசைகளுக்குப் பிடிமானமாகவும். ஆகவே விலா தோன்றியதே மூச்சுக்காக என்று யாராவது சொன்னால் அது பிழை. இங்கே சொல்வது வேறு: பழைய பொருள் ஒன்று கரையேறிய உயிர்களிடம் புது வேலைக்கு வந்து, அந்த வேலைக்கேற்ப வடிவம் மாறியது. பாலூட்டிகளில் இந்த மாற்றம் இன்னும் வெளிப்படை. பல ஊர்வனவற்றுக்கு இடுப்புவரை விலா உண்டு. நமக்கு இடுப்பின் மேற்புறத்து முள்ளெலும்புகளில் விலா இல்லை. உதரவிதானம் என்ற கருவி அமைந்த உயிர்களிடம் வயிற்றின் மேல் விலா தேவைப்படவில்லை, இருந்தால் இடைஞ்சலும்கூட.

மருத்துவர்களின் நடைமுறை இந்த வாதத்துக்கு எந்தப் புத்தகத்தையும்விடப் பெரிய ஆதாரம். கை உடைந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பார்கள், கால் உடைந்தாலும் அப்படியே. விலா உடைந்தால்? முன்பெல்லாம் நெஞ்சைச் சுற்றி ஒட்டுப்பட்டை போட்டு இறுக்கிக் கட்டினார்கள். வலி குறைந்தது, ஆனால் மூச்சு மேலோட்டமானது, சளி உள்ளேயே தங்கியது, வயதானவர்களுக்கு நிமோனியா வந்தது. அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இன்று வலி மாத்திரை கொடுத்து, ஆழமாக மூச்சிழு, நன்றாக இருமு என்று உடைந்த எலும்பை அசைக்கவே சொல்கிறார்கள். இதய அறுவைக்காக மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் தைத்தவர்களின் கட்டிலருகே, மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று இருக்கும். 600, 900, 1200 என்று எண் போட்டிருக்கும். குழலை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் ஒவ்வொன்றாக எழும்பும். நிறையப் பேர் முதலில் ஊதிப் பார்ப்பார்கள், பந்து அசையாது. இழுக்க வேண்டும், ஏனென்றால் விலா விரிய வேண்டும்.

1960இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும், நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி ரத்த ஓட்டத்தை நடத்த முடியும் என்று காட்டினார்கள். இன்று சிபிஆர் என்று எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கப்படுவது அதுவே: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்பிவர விட்டு மறுபடி அழுத்துவது. விலாக்கள் வேலியாக மட்டும் இருந்திருந்தால் இது நடக்காது. முதியவர்களுக்கு இதைச் செய்யும்போது விலா அடிக்கடி முறிவதற்கும் காரணம் வெளிப்படை: வயதாக ஆகக் குருத்தில் சுண்ணம் படிகிறது, வில் விறைத்துவிடுகிறது.

குருத்தை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் மருத்துவ வரலாறு காட்டியிருக்கிறது. சில குழந்தைகளுக்கு மார்பெலும்பு உள்ளே குழிந்திருக்கும். அதைச் சரிசெய்ய 1949இல் மார்க் ராவிட்ச் விவரித்த முறையில், கோணலாக வளர்ந்த குருத்துகளை வெட்டி எடுத்துவிட்டு எலும்பை நிமிர்த்துவார்கள். மிகச் சிறு வயதில், அளவுக்கு மீறிக் குருத்தை எடுத்த சில குழந்தைகளுக்கு அதன்பின் நெஞ்சே வளரவில்லை. உடம்பு வளர்ந்தது, துருத்தி குழந்தையளவிலேயே நின்றது, மூச்சுக்குத் திண்டாடினார்கள். பின்னாளில் அமெரிக்காவில் டொனால்ட் நஸ் மாற்று வழி ஒன்றைக் கொண்டுவந்தார். 1987இல் அவர் தொடங்கிய முறையில் குருத்தை வெட்டுவதில்லை. வளைந்த உலோகப் பட்டையொன்றை மார்பெலும்புக்குப் பின்னால் நுழைத்துத் திருப்பி, நெஞ்சை முன்னே தள்ளி, சில ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுவார்கள். குருத்து புது வளைவுக்குப் பழகிக்கொள்ளும். பிறகு பட்டையை எடுத்துவிடலாம்.

பேச்சும் இந்த எலும்புகளின் தயவுதான். ஆழமாக இழுத்த மூச்சைச் சும்மா விட்டால் ஒரே வீச்சில் வெளியேறிவிடும். நீண்ட வாக்கியம் பேசுகிறவரும், நாகஸ்வரத்தில் ஒரு பிடியை இழுத்து நிறுத்துகிறவரும், விரிந்த விலாவைத் தசைகளால் தாங்கிப் பிடித்து, சரிவில் வண்டியைப் பிரேக் போட்டு இறக்குவதுபோல, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். சிரிப்பில் அந்தப் பிரேக் விட்டுப்போகிறது. மூச்சை வெளியேற்றும் தசைகள் வெட்டி வெட்டிச் சுருங்குகின்றன. வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பவர்களும் விலா நோகச் சிரித்தேன் என்பவர்களும் உடற்கூறு படிக்காமலே சரியான தசைகளைத்தான் சொல்கிறார்கள்.

புகைப்பழக்கத்தாலோ, பல ஆண்டு விறகடுப்புப் புகையாலோ நுரையீரலின் காற்றறைகள் சிதைந்தவர்களைப் பார்த்தால் நெஞ்சு பீப்பாய்போல உருண்டிருக்கும். பலசாலியின் மார்பென்று தோன்றும். உண்மையில் சுருக்கி இழுக்கும் ரப்பர் பலம் போய்விட்டதால் விலாவின் வில் ஜெயித்து, நெஞ்சு விரிந்த நிலையிலேயே தங்கிவிட்டது. சரிவு போய் விலாக்கள் கிடைமட்டமாகிவிட்டன, பிறந்த சிசுவுக்கு இருந்ததைப்போல. நாடாவில் முதல் எண் பெரிதாக வரும்; இரண்டாவது எண் அதைத் தாண்டாது.

கிராமத்துச் செவிலியர் இருமலோடு வந்த குழந்தையைப் பரிசோதிக்கும் முறையில் ஸ்டெதாஸ்கோப்புக்கு முன்னால் வருவது கண். தாயின் மடியில் குழந்தையை அமைதியாக இருக்கவிட்டு, சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுகிறார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40; எட்டிவிட்டால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு அந்த எல்லை 60. எண்ணி முடித்த பிறகும் அவர் பார்வை விலகாது. கடைசி விலாவின் விளிம்பைக் கவனிக்கிறார். மூச்சை இழுக்கும்போது அது வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா? உள்ளே போனால் நோய் முற்றிவிட்டது. நுரையீரல் விறைத்துவிட்டதால் உதரவிதானத்தின் முழு இழுப்பும் அந்த இளங்குருத்தின் மேல் விழுகிறது. குழந்தை அழுதுகொண்டிருந்தால் கணக்கு தவறும். அழுகை ஓயும்வரை காத்திருந்து, சட்டையை மறுபடி தூக்கிவிட்டு, முதலிலிருந்து எண்ணுகிறார்.